லதா அக்காவின் குரலை எடுத்தவன்

கூடுவாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய லதா அக்காவுக்கு,

தமிழ்வாணன் வணக்கத்துடன் எழுதுவது. நம் குறும்படத்தில் ஒலிப்பதிவு செய்தவன். நீளக் குச்சியில் மைக்கைக் கட்டி உங்கள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டே நின்றவன். மஸ்கட் பழகிவிட்டதா, ஹாஸ்டல் சமையல்கட்டில் சூடு தாங்க முடிகிறதா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நான் போனில் அனுப்பியது எதையும் நீங்கள் திறக்கவில்லை. அதனால் போன வாரம் திருவிடந்தைக்குப் போய் உங்கள் மகள் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன். "அம்மா உங்க பேரப் பாத்தா போனே எடுக்காது. எழுதிக் குடுங்க. பக்கத்து வூட்டு அண்ணன் அடுத்த வாரம் வியாழக்கெழம மஸ்கட் போவுது, குடுத்து வுடறேன்" என்றாள். வாசலில் நிற்க வைத்தே பேசினாள். அது நியாயம்தான். நர்சிங் இரண்டாம் வருடப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். மழைக்கு ஒழுகிய இடத்தில் புது ஷீட் போட்டாயிற்று என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

அக்கா, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்ல முதலிலிருந்து வரவேண்டும்.

படப்பிடிப்பின் முதல் நாள் காலை, கடற்கரையில் கதாநாயகி வராமல் டைரக்டர் பத்ரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் டிபன் கடையிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தீர்கள். செட்டு போட்ட விஷாகாதான் உங்களைக் காட்டி, "இவங்களே பண்ணட்டுமே" என்றாள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போன மகனோடு ரேடியோவில் பேசும் அம்மா வேடம். இவள் பேசியது போய்ச் சேர இருபது நிமிடம், அவன் பதில் வந்து சேர இன்னொரு இருபது நிமிடம். உங்கள் இட்லித் தட்டுக்கே வெள்ளிப் பெயிண்ட் அடித்து விஷாகா ஆன்டெனா செய்தாள்.

"மகனே, உன் குரலுக்காகக் காத்திருக்கிறேன்" என்று பத்ரி எழுதியிருந்தார். நீங்கள் அதைப் படித்துவிட்டு, "இப்டி எந்த அம்மா பேசுவா? நான் சொல்றேன் பாரு" என்று ரேடியோப் பெட்டியின் பக்கம் திரும்பினீர்கள். "இன்னா நைனா, துன்னியா? நீ பதிலு சொல்றதுக்குள்ள இங்க கொழம்பே ஆறிப் பூடுது." பத்ரி கட் சொல்ல மறந்துவிட்டார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க குரல்தாங்க்கா இந்தப் படத்துக்கு உசுரு" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை.

படம் முக்கால்வாசி முடிந்ததும் நாவலூரில் ஒரு சினிமாக்காரருக்குப் போட்டுக் காட்டினோம். பெயர் வேண்டாம். பார்த்துவிட்டு, "செவ்வாய்க்குப் போனவனோட அம்மா மீன் மார்க்கெட்ல நிக்கற மாதிரி பேசறாளே" என்று சிரித்தார். அவர் போனபின் பத்ரி, "அக்கா குரல்ல கைவெக்க எனக்கு மனசு வரல" என்றார். பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். நான்தான், "விஷாகாவை வெச்சு டப்பிங் பண்ணிடலாம், யாருக்கும் தெரியாது" என்றேன்.

ஆம் அக்கா. பத்ரி இல்லை. நான்.

எனக்குத் திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கிராமம். எங்கள் வீட்டுப் பேச்சும் உங்கள் பேச்சுதான். நாவலூரில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் "வூட்டாண்ட" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் என் பெயரே அதுதான். அன்றிலிருந்து நாக்கைச் சீவிச் சீவித்தான் பேசுகிறேன். அந்த மனிதர் சிரித்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது. உங்களை அழித்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

உங்கள் குரலை வரி வரியாக எடுத்தேன். பையன் பதில் வராத இடத்தில் நீங்கள் விட்ட பெருமூச்சை மட்டும் எடுக்க முடியவில்லை. விஷாகா எத்தனை முறை விட்டும் அது பொருந்தவில்லை. அதனால் அதை மட்டும் விட்டுவைத்தேன்.

உங்களிடம் சொல்லிவிட்டாயா என்று பத்ரி இரண்டு தடவை கேட்டார். சொல்லிவிட்டேன், அக்கா ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். அதனால்தான் படத்தை முதன்முதலில் போட்ட அன்று செங்கல்பட்டு ஹாலில் அவர் வாசலிலேயே நின்று சிரித்தபடி உங்களை வரவேற்றார். அது கேலி இல்லை. அவருக்குத் தெரியாது.

இரண்டு ஷேர் ஆட்டோவில் உறவுக்காரர்களை அழைத்து வந்திருந்தீர்கள். திரையில் நீங்கள் வாயைத் திறந்ததும் வேறு குரல் வந்தது. உங்கள் கொழுந்தனார், "இன்னா லதா, யாரோ பேசறாங்க? உனக்கு வாய் இல்லனு நெனச்சிக்கினாங்களா?" என்று சத்தமாகக் கேட்க, மொத்த வரிசையும் சிரித்தது. ஹாலின் பின்பக்கம் படம் ஓட்டும் மெஷினருகே இருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிப்புச் சத்தம் அமுங்கட்டும் என்று படத்தின் ஒலியைக் கூட்டினேன்.

படம் முடிந்ததும் எங்களுக்காகச் சுட்டு வந்த அதிரச டப்பாவை விஷாகா கையில் கொடுத்து, "உன் கொரலு நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். திட்டியிருந்தால் என்னால் தூங்கியிருக்க முடியும்.

அதற்குப்பின் தெருப் பிள்ளைகள் உங்களை ஊமை ஹீரோயின் என்று கூப்பிட்டதும், நீங்கள் டிபன் கடைக்குப் போவதை நிறுத்தியதும் தமிழ்ச்செல்வி சொல்லித்தான் தெரியும். மஸ்கட் போனது தன் படிப்புக்காகத்தான் என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு விழாவில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. சிறந்த ஒலிக்கு. எனக்கு. நடுவர் அந்தப் பெருமூச்சைத்தான் புகழ்ந்தார். மேடையேறி வாங்கிக்கொண்டேன். உங்கள் பெயரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.

போன மாதம் பத்ரியிடமும் விஷாகாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பத்ரி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. விஷாகா அழுதாள். "அவங்க அந்த டப்பாவக் குடுத்தப்போ நான் தேங்க்ஸ்னு சொன்னேன் தமிழ்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தன் குரலை எடுத்துவிடச் சொன்னவளும் அவள்தான். விழாக்காரர்களுக்கு நடந்ததை எழுதி, பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இணையத்தில் இருந்த படத்தைப் பத்ரி எடுத்துவிட்டார். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து, முதல் நாள் கடற்கரையில் பதிந்ததை அப்படியே திரும்ப வைத்தோம். அலைச் சத்தமும் குறுக்கே கத்திய காக்காயும்கூட இருக்கிறது.

அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. ஒருமுறை உங்களைக் கேட்காமல் செய்தாயிற்று. திருவிடந்தையில், உங்கள் தெருவிலேயே திரை கட்டிப் போட எங்களுக்கு ஆசை. சரி என்றால் தமிழ்ச்செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள். ஏன் என்று கேட்கமாட்டோம்; படம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு எழுதியும் மன்னிப்பு என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை என்று நினைப்பீர்கள். எழுதினால், "அத்த வுடு தம்பி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள், அக்கா.

அங்கே வெயில் கொளுத்துகிறதாம். உச்சி வேளையில் வெளியே போகாதீர்கள். அடுப்படியில் நிற்கிறவர்கள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள், மறக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி என்று போட்டுக்கொள்ளக் கை வராத,
தமிழ்வாணன்