சயாமில் எல்லாம் பிளெண்டியாம்

காஜா பெராங், மலாக்கா
சுபானு வருஷம், ஆனி மாதம்

அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் தங்கை கோகிலாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. ஜப்பான்காரன் வருஷம் 2603 என்றுதான் போட வேண்டுமாம், நான் போடவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள் என்று, கருவாடு ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வரும் ஹனீபா நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் போட்ட மரவள்ளி நன்றாகப் பிடித்திருக்கிறது, கோகிலாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, சவர்க்காரம் கிடையாது, சாம்பலில்தான் துவைக்கிறோம்.

உன் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை சயாம் ரயில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறாய், அரிசி பிளெண்டி, துணி பிளெண்டி, மருந்து பிளெண்டி என்று சொன்னார்கள், மூன்று மாதத்தில் மூட்டை அரிசியோடு வருவேன், ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அடேய், பிளெண்டி என்றால் வேண்டியதற்கு மேலேயே இருப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்தாய், அர்த்தம் சரிதான், ஆனால் அது யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? உஜோங் பாசிர் பங்களாவில் துரைசாணியின் பிள்ளைகளை வளர்த்தபோது தினமும் கேட்ட சொல் அது. ஜப்பான்காரன் கோலாலம்பூரை நெருங்கிவிட்டானாமே அம்மா என்று கேட்டேன். பயப்படாதே ஆயா, சோல்ஜர் பிளெண்டி, டைம் பிளெண்டி என்றாள். மறுநாள் காலை ஓடிப்போனாள். காரில் நாய்க்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்தச் சொல்லை மட்டும் இவர்களுக்கு விட்டுப் போயிருக்கிறான்.

போன வாரம் இங்கேயும் ஆள் பிடிக்கக் கூட்டம் போட்டார்கள். முன்பு கணக்கெழுதும் கிராணியாக இருந்து, இப்போது ஜப்பான்காரனிடம் வேலை பார்க்கிறாரே ராஜரத்தினம், அவர்தான் பெட்டிமேல் ஏறி நின்று பிளெண்டி, பிளெண்டி என்று கத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. அங்க அவ்வளவு பிளெண்டின்னா நீங்க ஏன் சார் இன்னும் போகல, உங்க மகனை ஏன் அனுப்பல என்று கேட்டுவிட்டேன். கூட்டமே சிரித்தது, ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அரிசிக் கார்டைப் பிடுங்கிவிடுவேன் என்றார், பிடுங்கிக்கோங்க என்றேன், மறுநாளே பிடுங்கிவிட்டார். அதற்காக நீ கலங்காதே, ஹனீபா நானாவின் பெண்சாதி தன் பங்கில் கொஞ்சம் கொண்டுவந்து தருகிறாள், மீதிக்கு மரவள்ளி இருக்கிறது. கிழங்கு தின்று நான் செத்துவிடமாட்டேன்.

நான் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. தெங்கேராவில் இருக்கிற தேவதாஸ் உனக்குத் தெரியுமே, உன்னோடு பந்து விளையாடுவானே, அவன் சயாமிலிருந்து தப்பி வந்து கிடக்கிறான். முழங்காலுக்குக் கீழே புண், எலும்பு தெரிகிறது. அங்கே என்னப்பா இருந்தது என்று கேட்டேன். மழை பிளெண்டி அத்தை, பேதி பிளெண்டி, குழி பிளெண்டி என்றான். கூடப் போன அவன் அண்ணன் அந்தக் குழி ஒன்றில்தான் இருக்கிறான். இதைக் கேட்டு வந்து நான் அழுதேன், பிறகுதான் கூட்டத்துக்குப் போனேன்.

அம்மாவுக்காகத்தான் போகிறேன் என்று இனி எழுதாதே. எனக்காக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் உயிரோடு இரு, அது போதும். வெள்ளிக்கிழமைக்குள் ஹனீபா நானாவின் லாரியில் ஏறி வந்துவிடு, கருவாட்டு மூட்டைக்குப் பின்னால் உட்கார இடம் வைத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு கிளம்பாதே, வழியில் யாரோடும் பேச்சுக் கொடுக்காதே, இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

பரீட்சைக்குக் கேட்டாய், வேலைக்குக் கேட்டாய், சிங்கப்பூர் போகக் கேட்டாய், ஒவ்வொரு தடவையும் தலையில் கைவைத்து அனுப்பினேன். சயாமுக்கு என் ஆசீர்வாதம் கிடையாது. நீ காலில் விழுந்தாலும் கிடையாது. வீட்டுக்கு வருகிற வழிக்குத்தான் இருக்கிறது, அத்தனையும் உனக்கே. வந்து சேர். சோறு இருக்குமோ தெரியாது, நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
பூங்காவனம்