வலிக்கு அவர்கள் வைத்த பேர்

மாவு மில் வேலுச்சாமி, அவர் பெண்டாட்டி சரசு, பால்காரர் வீட்டுப் பவுனு, மருந்துப் பந்தலில் இருந்த நர்ஸ் பெண் ஜெசிந்தா, நீ, நான். அன்று மத்தியானம் ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், பழனி ரோட்டோரப் புளியமரத்தடியில் இருந்தவர்கள் இந்த ஆறு பேர்தான். இன்று காலை மருமகள் பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஆறு பேரும் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

அக்கா, அன்று உன் காலுக்கு விளக்கெண்ணெய் தடவியவள் நான். பாதயாத்திரை போகிறவர்கள் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் உள்ளங்காலுக்கு எண்ணெய் போடுவார்கள். நீ இடது காலை மட்டும் நீட்டினாய். வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாய். "அந்தக் காலு நல்லாத்தான் இருக்கு, விடு" என்றாய். நானும் விட்டேன். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷமான கால், தார் ரோட்டில் ஒன்றரை நாள் வெறுங்காலாக நடந்திருக்கிறது. அதை நல்லாத்தான் இருக்கிறது என்று நீ சொன்னதும் நம்பினேன் பார், அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் குழுவில் ஒரு கட்டளை இருந்தது. மாலை போட்ட அன்றைக்கே குருசாமி வேலுச்சாமி சொல்லிவிட்டார்: மலை ஏறி இறங்கும் வரைக்கும் வலி என்ற சொல் வாயில் வரக்கூடாது. வலித்தால் "அரோகரா" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுப் பவுனு, "கல்லு குத்துனாலும் அரோகரா, முள்ளு குத்துனாலும் அரோகரா. சம்பந்திக்காரி குத்துனா என்ன சாமி சொல்றது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நீயும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய்.

ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலோடு மரத்தடிக்கு வந்தவள், உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாச்சி, அந்தக் காலையும் காட்டுங்க. சுகர் இருக்கா?"

"இல்லத்தா. சும்மா சேத்துப்புண்ணு."

"சேத்துப்புண்ணா? வாடை வருதே அம்மாச்சி. பந்தல்ல வண்டி நிக்குது. செத்த நேரத்துல திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாம், வாங்க."

வேலுச்சாமி குறுக்கே வந்தார். "மாலை போட்ட சாமி பாதியில வண்டி ஏறக்கூடாது தாயி. முருகன் குடுக்குற நோவு பழைய வினையக் கழிக்கிறதுக்கு. மருந்தப் போட்டு அமுக்குனா அது அடுத்த சென்மத்துக்கு வந்து நிக்கும்."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரசு சுக்குக் காப்பியையும் அவருடைய பிரஷர் மாத்திரையையும் நீட்டினாள். அவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார். என் வாய் சும்மா இருக்குமா?

"இப்ப முழுங்குனீங்களே, அது எந்தச் சென்மத்துல வந்து நிக்கும் சாமி?"

"அது டாக்டர் சொன்னதும்மா."

"அப்ப இந்தப் பிள்ளை என்ன, பூ விக்கவா வந்திருக்கு?"

சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேலுச்சாமிக்கு முகம் சுண்டிப்போனது. இன்னும் ஒரு வார்த்தை நான் பேசியிருந்தால் அவரே உன்னை வண்டியில் ஏற்றிவிட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தையைப் பேசவிடாமல் என்னை அடக்கியது நீதான்.

"சின்னவளே, சாமிகிட்ட வாயாடாதே. ஆத்தா சொன்னது ஒனக்கு மறந்துபோச்சா? பொறுத்துத்தான் கழிக்கணும். நான் பொறந்ததே அதுக்குத்தானே."

எனக்கு எதுவும் மறக்காது. அது உனக்கும் தெரியும். எண்ணெய்ப் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன். ஜெசிந்தா உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

குஜிலியம்பாறையில் உன்னைக் கட்டிக்கொடுத்து இரண்டாம் வருஷம், பதினொரு மாதத்துப் பிள்ளை காய்ச்சலில் போனான். உனக்குப் பத்தொன்பது வயது. நான் பாவாடை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாய். ஆத்தா வந்து உன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தண்ணீர் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "போன சென்மத்துல எவ பிள்ளையப் பட்டினி போட்டியோ, அந்த வினைதான் இது. வாயத் தொறக்காமப் பொறுத்துக் கழி" என்றாள். நீ அழுகையை அப்படியே நிறுத்திவிட்டாய். ஐம்பது வருஷம் நிறுத்தினாய்.

அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் நீ முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னால் நின்று, திருநீற்றை அடுத்தவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வாய். என் மகளுக்குக் காது குத்தியபோது பிள்ளையை உன் மடியில் வைக்கத்தான் கூப்பிட்டேன். "நான் தொட்டா ஆகாதுடி" என்று அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தாய். உன் புருஷன் கை ஓங்கியபோதும் வினை, கிணறு வற்றியபோதும் வினை, சர்க்கரை வந்ததும் வினை. ஊர் உன்னைப் பொறுமைசாலி என்றது. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே எரியும்.

பொறுமை கெட்டதென்று நான் சொல்லவில்லை. பிள்ளை முடியைப் பிடித்து இழுத்தால் பொறுக்கிறோம். கிழவர் சொன்னதையே பத்துத் தரம் சொன்னால் பொறுக்கிறோம். அது அடுத்தவர் மேல் வைக்கிற இரக்கம். சீழ் பிடித்த காலைச் சேலைக்குள் ஒளித்து வைத்தால் அதில் யாருக்கு என்ன இரக்கம்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், சாஸ்திரம் தெரியாது. ஆனால் கண் முன்னால் வண்டியையும் மருந்தையும் நர்ஸ் பிள்ளையையும் கொண்டுவந்து நிறுத்திய முருகன், அதில் ஏறாதே என்றா சொல்லியிருப்பான்? அவன் அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டு அவனைப் பார்க்க நடந்தோம்.

சாயங்காலம் மறுபடி நடக்க ஆரம்பித்தோம். நான் பவுனோடு முன்னால் போனேன். பின்னாலிருந்து உன் குரல் வந்துகொண்டே இருந்தது. அரோகரா. பத்து அடிக்கு ஒன்று. பிறகு ஐந்து அடிக்கு ஒன்று. மறுநாள் அடிக்கு அடி. நான் பவுனிடம் பெருமையாக, "எங்க அக்காவப் பாரு, முருகன் எறங்கிட்டான்" என்றேன். அவளும் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அம்புட்டு பக்தி இல்லையே என்று பொறாமைகூடப் பட்டேன் அக்கா. கட்டளை எனக்கும் தெரியும், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும். தெரிந்தும் என் காதில் பக்தியாகத்தான் விழுந்தது.

மலை இறங்கிய நான்காம் நாள் உன் விரல்கள் கறுத்தன. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டாக்டர் என்னைத்தான் திட்டினார்: "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்." நீ கட்டிலில் படுத்துக்கொண்டு, "போகட்டும், இத்தோட கழிஞ்சிருச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அப்போது உன்னை அடிக்கலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை.

கடைசி நாள் காலையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"சின்னவளே, வலிக்குதுடி."

ஐம்பது வருஷத்தில் முதல் தரம். நர்ஸைக் கூப்பிட ஓடினேன். ஊசி போட்டார்கள். கொஞ்சம் தூங்கினாய். மத்தியானம் போய்விட்டாய்.

கருமாதி முடிந்த பிறகு வேலுச்சாமி வந்து வாசலில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே அழுதார். அதிலிருந்து இந்த மூன்று வருஷமாகத் தன் குழுவில் சர்க்கரைக்காரர்களைச் செருப்பில்லாமல் நடக்கவிடுவதில்லை, மருந்துப் பெட்டி இல்லாமல் புறப்படுவதில்லை. போன தையில் என்னிடம் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். காப்பி கொடுத்து அனுப்பினேன். அவர் மேல் இருந்த வன்மத்தில் முக்கால்வாசி போய்விட்டது. உன் புருஷனும் செத்துப்போனார், அவரையும் விட்டுவிட்டேன். உன் மேல் கோபம் உண்டு, அது சண்டை போட நீ இல்லாத கோபம். என் மேலும் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது வீட்டில் எந்தப் பிள்ளை விழுந்தாலும் முதலில் தூக்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது, வாய் விட்டுச் சொல்லு" என்கிறேன். சொல்லும் வரைக்கும் விடுவதில்லை. மருமகள் சிரிக்கிறாள். நீ சொன்ன அந்த ஒரு சொல்லை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

என் மகள் சொல்கிறாள், அந்த வினைப் பேச்சை வேறு எவளாவது முதலில் ஆத்தாளிடம் சொல்லியிருப்பாள், அவள் அறியாதவள், விடும்மா என்று. இருக்கட்டும். தன்னோடு அதை விழுங்கியிருக்கலாம் அல்லவா? பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடந்த பத்தொன்பது வயதுக்காரி வாயிலா ஊட்டுவாள்? தை அமாவாசைக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் இலை போடுகிறேன், அது என் கடமை, செய்கிறேன். ஆனால் மன்னிக்க மாட்டேன். கட்டையில் போகும் வரைக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள், நம்மைப் பெற்ற ஆத்தா வெள்ளையம்மாள்.