பேட்டரி வண்டியும் பதினோரு ரிப்போர்ட்டும்

2012 பிப்ரவரி 13, திங்கள்

பனி. புவனகிரி பாலத்தில் எதிரே வந்த மாட்டு வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. பேட்டரி வண்டி வாங்கி இன்றோடு மூன்று வாரம். சிதம்பரம் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கிற சேத்தியாத்தோப்பு ரத்தப் பரிசோதனை லேப் வரை இருபத்திரண்டு கி.மீ. ஒரு மணி ஐந்து நிமிடம்.

வீட்டுக்காரர் ஜான் சொல்கிறார்: "ஒரு மாசம் ஓட்டிப் பாரு ஸ்டெல்லா. நல்லது கெட்டது ரெண்டையும் எழுது. சரிப்படலன்னா வித்துடலாம்." தினமும் கடலூர் கம்பெனிக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் தூங்கிக்கொண்டே போகிற மனுஷன். அவருக்கென்ன.

நல்லது:
– லைசென்ஸ் வேண்டாம். (எட்டு போட்டு இரண்டு தடவை விழுந்தாயிற்று.)
– பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டாம். ஓர் இடத்தில் நிற்பது எனக்கு ஆகாது.
– பஸ்ஸில் மேலே சாய்கிறவனைக் குத்தக் கையில் ஊக்கு வைத்திருக்க வேண்டாம்.
– சத்தம் இல்லை.

கெட்டது:
– சத்தம் இல்லை. நாய், கோழி, பெரியவர்கள் யாரும் விலகுவதில்லை.
– அறுபது கி.மீ. ஓடும் என்றார் கடைக்காரர். ஓடுவது முப்பத்தைந்து. லேபில் சார்ஜ் போடாமல் வீடு திரும்ப முடியாது.
– முழு சார்ஜுக்கு எட்டு மணி நேரம். டிசம்பர் புயலுக்கு அப்புறம் எந்த வீட்டில் எட்டு மணி நேரம் கரண்ட் இருக்கிறது?

பிப். 14, செவ்வாய்

கரண்ட் கட் நேரத்தை மாற்றிவிட்டார்கள். லேபில் ஒரு மணி நேரம் வருகிறது, ஒரு மணி நேரம் போகிறது. சாயங்காலம் கிளம்பும்போது வண்டியில் சார்ஜ் காட்டுகிற நாலு விளக்கில் இரண்டுதான் எரிந்தது. புவனகிரி தாண்டி வீடு நெருங்கும்போது செத்துவிட்டது. மூன்று கி.மீ. தள்ளினேன். டீக்கடையில் ஒருத்தர், "என்னம்மா, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றார். இன்னும் வேகமாகத் தள்ளினேன். நின்று பதில் சொன்னால் சண்டையாகியிருக்கும்.

வீட்டில் ஜான் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பிப். 15, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். லேபில் ஃப்ரிட்ஜுக்கு மேலே இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் சும்மா கிடக்கிறது. கரண்ட் போனாலும் அதில் வரும். காலையிலேயே வண்டி சார்ஜரை அதில் சொருகிவிட்டேன். ஓனர் சார் வடலூரிலிருந்து சாயங்காலம்தான் வருவார். அதற்குள் பிடுங்கிவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் பன்னிரண்டு மணிக்கே கூவ ஆரம்பித்து அணைந்துவிட்டது. பழைய பேட்டரி, பாவம். ஆனால் வண்டியில் நாலு விளக்கு. வீட்டுக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டேன். இட்லிக்கு ஊறப்போட்டேன், துணி மடித்தேன், அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. பரணைத் துடைத்தேன்.

பிப். 16, வியாழன்

கிளம்பும் முன் ஜானுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டேன். மூன்று மாதமாக மாத்திரை, நடை, சாயங்காலம் பஜ்ஜிக்குத் தடை. லேபில் போட்டுப் பார்த்தால் சுகர் 104. நம்ப முடியவில்லை. போன தடவை 170.

வலசை கிராமத்திலிருந்து பழனி மாமாவும் வந்தார் (நமக்குச் சொந்தமில்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும்). அவருக்கு 121. பக்கத்து டாக்டரிடம் காட்டிவிட்டு திரும்பி வந்து சொன்னார்: "ஊசி வேணாம்னுட்டாருமா. மாத்திரையே பாதி போதுமாம். பொண்ணு கல்யாணத்துல ஒரு லட்டு துண்ணுக்கலாம்."

இன்றைக்கு எல்லாருக்குமே நல்ல ரிசல்ட். ராசியான நாள்.

இன்றும் அதே பிளக். வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப்போனேன். ஜான் மூன்று தின்றார். "உன் வண்டி வந்த நேரம்" என்றார். முதல் தடவையாக வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை.

பிப். 17, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஓனர் சார் ஐஸ் பெட்டியில் சுகர் டெஸ்ட் செய்கிற மருந்து புதுசாகக் கொண்டுவந்திருந்தார். புது பாட்டில் திறந்தால் கன்ட்ரோல் போட்டே ஆக வேண்டும். அளவு தெரிந்த சீரத்தைப் போட்டு, அந்த அளவு சரியாக வருகிறதா என்று பார்ப்பது. 100 வர வேண்டும், 99 வந்தது. சும்மா பழைய பாட்டிலையும் போட்டுப் பார்த்தேன். 61. அதில் போட்ட சுகர் எல்லாமே குறைத்துக் காட்டியிருக்கிறது.

தினமும் காலையில் முதல் வேலை கன்ட்ரோல் போடுவதுதான். புதனும் வியாழனும் செய்யவில்லை. வந்ததும் சார்ஜரைச் சொருகுவதுதான் முதல் வேலையாக இருந்தது.

ஃப்ரிட்ஜும் அதே இன்வெர்ட்டரில் ஓடுவது. என் வண்டி குடித்தது போக ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் இல்லை. மருந்து வெதுவெதுவென்று இருந்ததை நேற்றே கையால் தொட்டுப் பார்த்தேன். "கரண்ட் கட்" என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். ராசியான நாளாம்.

பழனி மாமாவுக்கு போன். ஸ்விட்ச் ஆஃப். ஊரில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த ஊருக்கு மினி பஸ் மூன்று மணிக்கு. மூன்று மணி வரை உட்கார என்னால் ஆகுமா? வண்டியை எடுத்தேன். இரண்டு விளக்கு. ஏழு கி.மீ.

வாசலில் போய் நின்றது யாருக்கும் கேட்கவில்லை. அவர் மனைவிதான் பார்த்தார். "அவுங்க காலையிலயே ரெண்டு லட்டு துண்ணுட்டாங்க. ஏம்மா, எதாவது கோளாறா?"

"மருந்து கெட்டுப்போச்சுக்கா. மறுபடி ரத்தம் எடுக்கணும். மாத்திரை முழுசாவே போடச் சொல்லுங்க."

"கரண்டு கட்டுல இதெல்லாம் சகஜம்தானே" என்றார் மாமா, கையை நீட்டிக்கொண்டே. நான் ஆமாம் என்றேன்.

வரும்போது பாதியில் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு லேபுக்கு வந்து மாமா ரத்தத்தைப் புது மருந்தில் போட்டேன். லட்டு தின்ற பிறகு எடுத்த ரத்தம்தான், இருந்தாலும் 338. டாக்டரிடம் நானே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மாமாவின் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினார்.

சாயங்காலம் ஓனரிடம், மருந்து கெட்டுவிட்டது சார் என்றேன். "கரண்ட் கட்டா?" என்றார். ஆமாம் சார் என்றேன். ஒரே நாளில் இரண்டு தடவை. பஸ்ஸில் வந்தேன். வண்டி லேபிலேயே கிடக்கிறது.

பிப். 18, சனி

காலையில் ஓனர் முன்னதாகவே வந்து மெக்கானிக்கோடு இன்வெர்ட்டர் முன்னால் குனிந்திருந்தார். "பேட்டரிய மாத்திடலாம் சார், எட்டு மணி நேரம் தாங்கணும், மருந்து கெடற அளவுக்கு எறங்குதுன்னா..." என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் நிற்க முடியவில்லை.

"பேட்டரி நல்லாதான் இருக்கு சார். நான் வண்டிக்கு சார்ஜ் போட்டேன். ரெண்டு நாளா. கன்ட்ரோலும் போடல."

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தன ரிப்போர்ட்?"

"பதினொண்ணு சார்."

"எழுதும்மா."

ஒவ்வொரு பெயராக, ஊரோடு எழுதினேன். பத்து எழுதிவிட்டேன். பதினோராவதுக்குப் பேனா நின்றது. நேற்று முழுக்க அந்தப் பெயர் பக்கமே மனசு போகவில்லை. போகவில்லை என்பது பொய். போக விடவில்லை.

ஜான். சிதம்பரம்.

ஓனர் பட்டியலைப் பார்த்தார். "இதுல பாதி ஊருக்கு பஸ் கெடையாது. வண்டிக்கு இன்னைக்குப் பூரா சார்ஜ் போடு, அந்த ஃப்ரிட்ஜ் பிளக்குல இல்ல, வெளி பிளக்குல. நாளையிலேருந்து வீடு வீடா போய் ரத்தம் எடு. வேலைய பத்தி அப்புறம் பேசுவோம்."

அப்புறம் என்றால் எப்போது என்று கேட்கவில்லை. வரும் வழியில் பழனி மாமா வீட்டுக்குப் பேசினேன். மயக்கம் எதுவும் இல்லையாம். கோவிலில் கும்பிடுகிறவர்கள் இந்த நேரத்தில் என்ன சொல்வார்களோ, நான் பாலத்தில் வண்டியை நிறுத்தி மாதாவுக்கு ஒரு அருள்நிறை செபம் சொன்னேன்.

ஜானிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு, மிச்ச ஜிலேபி எங்கே என்று கேட்டார். எறும்பு வந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன்.

பிப். 19, ஞாயிறு

காலை 5.40. பனி இல்லை. கரண்ட் இருக்கிறது. வண்டியில் மூன்று விளக்கு.

பையில் ஊசி, பஞ்சு, பத்து டியூப். பதினோராவது டியூப் கையில்.

ஜான் பாயில் படுத்திருக்கிறார், இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. கையை நீட்டச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே நீட்டிவிட்டார்.

"வியாழக்கெழமதான எடுத்த. நல்லாதானே இருந்துச்சு?"