அண்ணன் வாசகர் வட்டத்தில் பேசிய ஞாயிறு

என் பிரியமான மதினிக்கு,

பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் வாசகர் வட்டமும் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாதம் ஒரு புத்தகம், கடைசி ஞாயிறு உங்கள் வீட்டு முன்னறை. முழுசாய்ப் படிக்காதவர்களும் வரலாம், ஆனால் மனதில் நின்ற ஓர் இடத்தையாவது சொல்ல வேண்டும். எல்லாம் நீங்கள் வைத்த வழக்கம்தானே? நீங்கள் இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது? வட்டத்தையே கலைத்துவிடலாமென்று ஸ்டெல்லா டீச்சரும் நானும் பேசிக்கொண்டோம்.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தார். "ஏத்தா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாரீகளா இல்லையா? அவ முடிக்காம விட்ட புஸ்தகம் இங்கனதான் கெடக்கு."

உங்கள் கணவரை உங்களுக்குத் தெரியாதா? நாம் பேச உட்கார்ந்தாலே, "தோட்டத்துல சோலி கெடக்கு" என்று நழுவிவிடுவார். அன்று எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில நாந்தான் அவளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ரொம்ப முடியாமப் போனப்ப, கடைசிப் பக்கத்தையாவது படிக்கவான்னு கேட்டேன். 'வேண்டாங்க, எல்லாருமா உக்காந்து பேசுறப்பத் தெரிஞ்சுக்கிறேன்'னுட்டா. அப்புறம் நானும் தொடல. நீங்க வாசிங்க டீச்சர்."

மிச்சமிருந்த பக்கங்களை டீச்சர் வாசித்தார். கதையில், கணவன் கொடுமை தாங்காமல் வீட்டைவிட்டுப் போன பெண், அவன் இறந்தபின் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறாள்.

"வந்திருக்கக் கூடாது!" என்றார் அண்ணன். "அம்புட்டு வருசம் அழவச்ச வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

நான் விடவில்லை. "அது அவனுக்கு மட்டுமா வீடு? அவளும் பாடுபட்டுக் கட்டுனதுதானண்ணே?"

மழை பிடித்ததுகூடத் தெரியாமல் கத்தினோம். டீச்சர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். சிரித்தவர் அப்படியே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். உங்களைத் தூக்கிப் போன அன்றுகூட அழாத மனுஷன். நாங்கள் தேற்றவில்லை. அழட்டும் என்று பக்கத்தில் இருந்தோம்.

நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள், மதினி?

அடுத்த மாதப் புத்தகத்தை அண்ணனே எடுத்திருக்கிறார். இரண்டு அத்தியாயம் பார்த்தேன், எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் முழுசாய்ப் படித்துவிட்டுப் போய் அவரோடு சண்டை போடுவேன். அந்த வீட்டில் அவரைப் பேச்சில்லாமல் இருக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
சாந்தி