லாகின் கட்டத்தில் ஒரு டிக்

மச்சான்,

சிறுசேரி ஆபீசில் இன்று எனக்குப் புது கம்ப்யூட்டர் வைத்தார்கள். லாகின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘வெளியேறும்போது திறந்திருந்தவற்றை அடுத்த லாகினில் மறுபடி திற’ என்று ஒரு வரி, பக்கத்தில் சின்னக் கட்டம், அதில் டிக். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது.

மாமல்லபுரத்தில் நாம் இருவரும் பிரவுசிங் சென்டர் வைத்தபோது, வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வரிசையில் நிற்பார்கள். மெஷின் நான்கு. எல்லாருக்கும் ஒரே லாகின் பெயர், ஒரே பாஸ்வேர்டு. நேற்றுப் பாதியில் விட்ட கடிதம் எங்கே என்று தினமும் யாராவது என் உயிரை எடுப்பார்கள். தொல்லை விட்டது என்று அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். உன்னைக் கேட்கவில்லை. பெரிய மேதாவி நான்! ஒருவர் விட்டுப்போனது அடுத்தவருக்குத் திறக்குமே என்று தோன்றவில்லை.

எதிர்ப்பட்டறையில் கல் செதுக்கிய செல்வம், பெங்களூர்ப் பட்டறை ஒன்றுக்கு வேலை கேட்டுக் கடிதம் அடித்தான். பாதியில் லாக் அவுட் செய்துவிட்டுச் சாப்பிடப் போனான். அடுத்து அதே மெஷினில் உட்கார்ந்தவர் அவனுடைய முதலாளி. லாகின் செய்ததும் அந்தக் கடிதம் அவர் கண்ணெதிரே திறந்தது. நேராகப் பட்டறைக்குப் போய், நாளையிலிருந்து வராதே என்று அவனிடம் சொல்லிவிட்டார். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. நீதான் ரோட்டைக் கடந்து போனாய். உளிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாய். “நான் டைப்பு பழக அட்ச்சது அண்ணாத்த. வாய்ல வந்த பேரப் போட்டுக்கினேன். அவன இன்னாத்துக்குத் தொரத்துற?”

நம்பினாரோ இல்லையோ, செல்வத்தை வைத்துக்கொண்டார். உன்னைத்தான் தெருவே கேட்கத் திட்டினார். அதன்பின் நம் சென்டரில் அவர் கால் வைக்கவில்லை. எதிரே வந்தால் முறைப்பார், நீ வணக்கம் வைப்பாய். டிக் போட்டது யார் என்று என்னை நீ கேட்கவே இல்லை. அன்று ஷட்டரை இறக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: “அந்த டிக்க எடுத்துடு மச்சான்.”

உடனே எடுத்தேன். போட்டதும் நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோதும், ஆஸ்பத்திரியில் கிரிக்கெட் பேசிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த மெஷினில் உட்காரப்போவது நான் ஒருவன்தான். டிக் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இருந்தாலும் எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் போட்டவன் நான்தான், மச்சான்.