இடதுகைக்காரன் சுத்துன கயிறு

ராயபுரம், திருப்பூர்
20.1.2008, ஞாயிறு

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் பொங்கக் கரும்பைக் கடிச்சும் பல்லு விழாம நல்லா இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் அந்த லண்டன் குளிர்ல வெறைச்சுப் போகாம இருக்கணும்னு மாரியாத்தாவைக் கேட்டுக்கிறேன். முதல்ல ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிர்றேன் தாயி. போன வாரம் நீ போன்ல, வீட்டைச் சூடு பண்ற பாய்லர்ல ரெண்டு நாளைக்கு ஒருக்கா பிரஷர் இறங்கிப் போகுதுப்பா, என்ன செய்யன்னு கேட்டப்ப, ஆளு வந்துருக்கு அப்புறம் பேசறேன்னு வச்சேன்ல. ஆளும் வரல ஒண்ணும் வரல. இருபது வருசமா பாய்லர் வாசல்ல நிக்கிற உங்கப்பனுக்குப் பதில் தெரியல, அதான். ஏன்னா ஒரு மாசமா என் பாய்லர்லயும் பிரஷர் நிக்கல.

எங்க யூனிட்ல அஞ்சு அயன் மேசைக்கும் என் பாய்லர்ல இருந்துதான் ஸ்டீமு போகுது. அஞ்சு கிலோ பிரஷர்ல நிக்க வேண்டிய கேஜ் முள்ளு பதினோரு மணிக்கெல்லாம் மூணுக்கு வந்துரும், அயன் பொட்டியில ஸ்டீமுக்குப் பதிலா தண்ணி சொட்டும், எக்ஸ்போர்ட் பனியன்ல எல்லாம் திட்டுத்திட்டா கறை. நான் விறகை மாத்திப் பாத்தேன், கேஜை மாத்திப் பாத்தேன், சேப்டி வால்வுல காதை வச்சுக் கேட்டேன், அடியில கழிவுத்தண்ணி போற குழாயைத் தொட்டுப் பாத்தேன், அது ஜில்லுன்னு இருக்கு, ஒரு சொட்டு ஒழுகல. முதலாளி ஆறுமுகசாமி தங்கமான மனுசன், ஆளை வேலைய விட்டு அனுப்புறதுக்கே அவ்வளவு மரியாதை குடுப்பாரு. ஏனுங்க பாண்டியண்ணா, தீப்போடாம தூங்கிப் போடறீங்களா, பொங்கலுக்கு அப்பறம் வர்ற திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்கன்னு கும்பிட்டுச் சொன்னாரு. நானும் கும்பிட்டேன். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லல.

சொன்னது வீரணன்கிட்ட. உன் வீரணன் மாமாதான். உங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தவன் இல்லைன்னு உன் காதுகுத்துக்கு அவன் மடியிலதானே உன்னை உக்கார வச்சோம், நீகூட அவன் வேட்டியை நனைச்சு வச்சியே. ரெண்டு வருசமா எங்க யூனிட்டுச் செவத்துக்கு அந்தப் பக்கம் சின்னதா ஒரு பாய்லரும் மூணு மேசையும் போட்டுத் தனியா அயனிங் நடத்துறான்னு உனக்குத் தெரியும். தெனம் டீக்கடையில அவன்கிட்டப் பொலம்புவேன். அவன் என் தோள்ல கையைப் போட்டு, மச்சான், உனக்கு வயசாயிருச்சு, கண்ணு மங்கி மூணை அஞ்சுன்னு பாக்குற, அதான் விறகு கொறைச்சுப் போடுறன்னான். நானும் ஆமாம்போலன்னு நம்பிட்டேன். அவனே கண்ணு டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பிரேமும் அவனே பாத்து வாங்கிக் குடுத்தான். கண்ணாடி போட்டதும் முள்ளு இறங்குறது இன்னும் நல்லாத் தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான் லாபம்.

நேத்து சனிக்கெழமை சாப்பாட்டு நேரம், எங்காளுக எல்லாம் வெளிய போனப்புறம் தீயைத் தணிச்சுட்டு அஞ்சு மேசை வால்வையும் மூடினேன். அப்பவும் முள்ளு இறங்குது. பாய்லர் வாசல்ல மெயின் வால்வை மூடினேன், அப்படியே நின்னுருச்சு. அப்ப பாய்லர்ல கோளாறு இல்ல, என் கண்ணுலயும் இல்ல, போற வழியிலதான். பைப்பைக் கையால தடவிக்கிட்டே போனேன். விறகு அடுக்குக்குப் பின்னாடி, செவத்துப் பக்கம், சூடு போகாம இருக்க மேல சுத்துற கல்நார் கயிறு ஒரு சாண் தூரத்துக்குப் புதுசா இருக்கு. நாங்க எல்லாரும் வலது பக்கமா சுத்தி முடிச்சை வெளிய விடுவோம். இது இடது பக்கமா சுத்தி, முடிச்சை உள்ள சொருகி இருக்கு. நானும் வீரணனும் ஒரே கம்பெனியில பைப் வேலை பழகினவங்க தாயி. அவன் இடதுகைக்காரன், இந்த ராயபுரத்துல அப்படிச் சுத்துறது அவன் ஒருத்தன்தான். கயிறைப் பிரிக்கணும்னே இல்ல. இருந்தாலும் பிரிச்சேன். உள்ள எங்க பைப்புல இருந்து ஒரு சின்னப் பைப்பு பிரிஞ்சு செவத்துக்குள்ள போகுது.

மெயின் வால்வைத் தெறக்காமலே செவத்துக்கு அந்தப் பக்கம் வீரணன் எடத்துக்குப் போனேன். அவனோட மூணு பொட்டியும் தண்ணி சொட்டுது. அவன் பாய்லரைத் தெறந்து பாத்தா, தீப்போடுற எடத்துல பூனை நாலு குட்டி போட்டுப் பால் குடுத்துக்கிட்டு இருக்கு. எத்தனை மாசமா தீயே இல்லையோ. வீரணன் என்னைப் பாத்தான், பூனையைப் பாத்தான், மிச்சம் போற ஸ்டீமுதானே மச்சான்னான். ஸ்டீமு முதலாளியோடது, அதை அவருகிட்டப் பேசிக்க, என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னியே, என்னைய வேலைய விட்டு அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சும் தெனம் டீ குடிச்சியே, அதை யாருகிட்டப் பேசன்னு கேட்டேன். அவன் பூனைக்குட்டியைத் தூக்கித் தடவ ஆரம்பிச்சுட்டான். நான் வந்துட்டேன். முதலாளி வந்து பாத்துட்டு, மன்னிச்சுக்கங்கண்ணா, நீங்களே இருங்கன்னாரு. போலீசுக்குப் போலாமுங்களான்னு கேட்டாரு. வேண்டாம், பைப்பை உருவிட்டு ஓட்டையை நானே பூசிக்கிறேன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கம்மா, பொங்கலுக்கு அவன் எடுத்துக் குடுத்த சேலையை மடிச்சுப் பையில போட்டு வாசல்ல வச்சுட்டா.

இப்ப உன் பாய்லருக்கு வர்றேன். தண்ணியை மேல மேல விட்டு முள்ளை ஏத்திக்கிட்டே இருக்காத, அது நோவை மறைச்சுரும். ஆறியிருக்கும்போது முள்ளு எங்க நிக்குதுன்னு தெனம் காலையில எழுதி வை. சுவத்துல மாட்டியிருக்கிற ரேடியேட்டர்ங்கிற ஒவ்வொரு சூட்டுப் பலகைக்கும் அடியில, மூட்டு மூட்டுக்கு டிஷ்யூ பேப்பர் வை, எது நனையுதோ அங்க ஒழுகுது. வெளிச்செவத்துல ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும்னு நெனைக்கிறேன், அது சொட்டுதான்னும் பாரு. அப்பவும் தெரியலைன்னா லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு, பாய்லரை அமத்திட்டு, வீட்டுக்குள்ள போற வர்ற வால்வை மூடச் சொல்லு. முள்ளு நின்னா கோளாறு வீட்டுப் பைப்புல, அப்பவும் இறங்கினா பாய்லருக்குள்ள. கேஸ் சமாச்சாரம், மூடியை நீ தெறக்காத. நீதான் திருகித் திருகிக் கெடுத்துட்டன்னு வாடகைக்கு விட்ட அந்த வீட்டு ஓனர் சொல்றாருன்னியே, சோதிக்காம அதை நம்பாத. நான் ஒரு மாசம் நம்பினேன்.

வீரணன் உனக்குப் போன் போட்டாலும் போடுவான். அவனை இனிமே என்னன்னு கூப்பிடுறதுன்னு எனக்குத் தெரியல, நீயே பாத்துக்க. மாப்பிள்ளைக்கு என் ஆசி. காதை மூடி மப்ளர் கட்டச் சொல்லு. நீ நைட் டூட்டி முடிச்சு வந்து சாப்பிடாமத் தூங்காத. மாரியாத்தா உன் கூடவே நிப்பா.

இப்படிக்கு, திங்கக்கெழமையும் வேலைக்குப் போற உன் அப்பா,
ஜெயபாண்டி

பி.கு: எழுத்து மேலயும் கீழயும் போயிருந்தா கோவிச்சுக்காத, இது உங்கம்மா கண்ணாடி. நேத்து ஓட்டையைப் பூசும்போது வேர்வை வழியுதுன்னு என் கண்ணாடியைக் கழட்டி ஓட்டைக்குள்ள செங்கல் மேல வச்சேன். பூசி முடிச்சுட்டுத் தேடினா, அதையும் உள்ள வச்சே பூசியிருக்கேன். ஒரு பக்கத்துக் காதுக் கம்பி மட்டும் வீரணன் பக்கத்துச் செவத்துல நீட்டிக்கிட்டு இருக்காம். அவன் அதுல சாவியை மாட்டியிருக்கானாம்.