கேமராவுக்கு முன்னால் ஒரு நீச்சல் டீச்சர்

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் இன்று முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டார். ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதருக்கு, தன் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிய இத்தனை வாரம் ஆயிற்று. நிமிர்ந்து மூக்கைச் சிந்திவிட்டு, "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். படியிலேயே உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு உடை மாற்றப் போனால், நீச்சல் குளத்து மேலாளர் வாசலில் நிற்கிறார். முகத்தைப் பார்த்ததுமே நல்ல சேதி இல்லை என்று தெரிந்தது. சாயங்கால வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். தண்ணீரைக் கண்டு பயப்படும் பெரியவர்களுக்கான வகுப்பு அது. கெஞ்சிக் கூத்தாடி நான் ஆரம்பித்தது. அந்த நேரம் தன் போட்டிக் குழுவுக்கு வேண்டும் என்று கோச் கேட்டிருக்கிறார். தலைமை அலுவலகமும் மற்ற குளங்களின் மேலாளர்களும் வீடியோவில் கூடி முடிவெடுப்பார்கள். வெள்ளிக்கிழமை என் தரப்பை நான் சொல்லலாம்.

"பேசிடுவீங்கல்ல?" என்றார்.

"இந்தக் கோடியில நின்னு பேசினா அந்தக் கோடியில இருக்கிறவன் காதுல விழும். ஒரு கம்ப்யூட்டர்கிட்ட பேச மாட்டேனா?" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

மானம் கப்பலேறிவிட்டது.

குளத்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உயரமான கூரை, நாலு பக்கமும் ஓடு பதித்த சுவர். ஒரு வாக்கியத்தைக் கத்தினால், அது போய் மோதித் திரும்பி அடங்கும்வரை அடுத்ததைச் சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டும் கலந்து ஒன்றும் புரியாது. என் நாக்கு அதற்கே பழகிப்போனது. இன்றும் அப்படித்தான் செய்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு வாக்கியம் கத்தினேன், நிறுத்தினேன்.

"லைன் கட்டாயிடுச்சா?" என்றார் ஒருவர்.

அடுத்த வாக்கியம், நிறுத்தம். "மேடம் ஸ்டக் ஆயிட்டாங்க" என்றார் இன்னொருவர். "இல்ல சார், இருக்கேன்!" என்று குளத்துக் குரலில் கத்தினேன். ஒருவர் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிவது தெரிந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் தலைமை அலுவலக அதிகாரி, "விஷயம் புரிஞ்சுது. அடுத்தவரைக் கூப்பிடலாம்" என்று முடித்துவிட்டார். அந்த அம்மாவின் முகம்கூடத் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டு வெறும் கறுப்புக் கட்டமாக இருந்தார்.

என்ன புரிந்ததாம்? நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லையே!

அடுத்து கோச் பேசினார். பின்னால் சுவரெல்லாம் பதக்கங்கள். பையன்களும் பெண்களும் நீந்துகிற படம். வழுக்கிக்கொண்டு போகிற பேச்சு. எனக்கே அவருக்கு நேரத்தைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

மேலாளர் அதிகாரியிடம் மன்றாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார். இருபதாம் தேதி. அத்தோடு முடிவு.

மார்ச் 7, சனி

மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மாலைவரை திரையில் முகம் தெரியாதவர்களோடு பேசுவதும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தருவதும்தான் அவள் பிழைப்பு. நேற்றைய கூட்டத்தின் பதிவை அவளிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"அண்ணி, நீங்க பேசினீங்களா, இல்ல யாராவது முங்கிட்டாங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து, "குரலை விடுங்க. அது ஏன் கண்ணு அங்கயும் இங்கயும் ஓடுது? கடையில எதையோ எடுத்துப் பையில போட்டவங்க மாதிரி?"

பார்த்தேன். உண்மைதான். திருட்டு முழி. அதுவும் குளத்துப் பழக்கம். தண்ணீரில் ஆட்கள் இருக்கும்போது ஒருத்தரையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். திரையிலும் நான் கட்டம் கட்டமாகத் தலை எண்ணியிருக்கிறேன்.

சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கட்டத்துக்குள்ள யாரும் மூழ்க மாட்டாங்க அண்ணி. கேமராவைப் பாருங்க. அந்தச் சின்னக் கண்ணாடிதான் அவங்க எல்லாரோட கண்ணும்."

மார்ச் 10, செவ்வாய்

ஒத்திகை. ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முதல் கூட்டத்தில் முகமே இருட்டாம். மேசையைத் திருப்பிப் போட்டாள். மடிக்கணினி தாழ்வாக இருந்ததால் என் மூக்குத் துவாரம்தான் பிரதானமாகத் தெரிந்ததாம். பெரிய பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கணினியைத் தூக்கி வைத்தாள்.

கேட்பவராக என் வீட்டுக்காரரை நியமித்தோம். படுக்கையறையில் ஃபோனோடு உட்கார்ந்து, கேமராவை அணைத்துக்கொண்டு, நான் பேசுவதைக் கவனித்துக் குறை சொல்ல வேண்டும். உயிரைக் கொடுத்துப் பேசினேன். கடைசியில், "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் இல்லை. கதவைத் திறந்து பார்த்தோம். ஃபோன் நெஞ்சின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"குரலு அவ்வளவு இதமா இருந்துச்சு" என்கிறார் மனுஷர்.

மார்ச் 11, புதன்

தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டில் எல்லோருக்கும் ஏக மகிழ்ச்சி.

மார்ச் 13, வெள்ளி

லாரி ஓட்டுநர் இன்று குளத்துச் சுவரைப் பிடித்த கையை விட்டார்.

மலைப்பாதையில் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுகிற ஆள், இடுப்பளவுத் தண்ணீரில் நடுங்குவார். அவர் முன்னால் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டேன். மற்றவர்களை உதவி டீச்சர் கவனித்துக்கொண்டாள். தொண்டை கட்டியிருந்ததால் கத்த முடியவில்லை. கத்தியிருக்கவும் மாட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்தவரிடம் நான் எப்போதுமே மெதுவாகத்தான் பேசுகிறேன். அவர் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை. "மூச்சை இழுத்துக்கங்க. ம். விடுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்." அவ்வளவுதான்.

என்னிடம் இரண்டு குரல் இருக்கிறது. கரையில் நிற்கிறவளுடையது ஒன்று, தண்ணீருக்குள் நிற்கிறவளுடையது இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை நான் தவறான ஆளைக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கே ஏன் இத்தனை நாள் தெரியவில்லை?

மார்ச் 15, ஞாயிறு

நாத்தனாரோடு சண்டை.

ராத்திரி பகலாக உட்கார்ந்து, கூட்டத்தில் காட்ட ஸ்லைடு வரிசை ஒன்று செய்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பத்து வரி, அம்புக்குறி, வட்ட வரைபடம். வாசித்துக் காட்டினேன். ரயில் நிலையத்தில் வண்டி வருகையை அறிவிப்பதுபோல் இருந்தது. இது வேண்டாம் என்றேன். முகம் மாறிவிட்டது அவளுக்கு.

"எனக்குத் தெரிஞ்ச வேலையைத்தானே சொல்றேன். அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

நானாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நான் மனுஷங்களுக்குச் சொல்லித்தர்றவ. செவுத்தைப் பாத்து ஒப்பிக்க வராது எனக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டாள். போகட்டும்— இல்லை, என்ன போகட்டும்? எனக்காகத்தானே அவ லீவு நாள்ல உக்காந்து செஞ்சா. அவமேல கோவமே இல்ல. இந்த வகுப்பு போயிடுமோன்னு பயம். பல் டாக்டரும் லாரிக்காரரும் இதுக்கப்புறம் எங்க போவாங்க? இந்த வயசுல பிள்ளைங்களோட நின்னு கத்துக்கச் சொன்னா வருவாங்களா? வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டோட இருந்துருவாங்க. அதை நான் எப்படி அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் புரியவைப்பேன்?

மார்ச் 16, திங்கள்

காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் கீழே இறங்கி வந்து, என் தேநீரை எடுத்துக் குடித்தாள். மன்னிப்பெல்லாம் எங்கள் வீட்டில் இப்படித்தான்.

"சரி, ஸ்லைடு வேணாம். ஆனா ஒண்ணு அண்ணி. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க கை சும்மா இருந்துச்சுன்னா மெயில் பாக்கப் போயிடும். அவங்களுக்கு ஏதாவது வேலை குடுங்க. குளத்துல சும்மா நிக்க விடுவீங்களா யாரையாவது?"

விட மாட்டேன். வந்த முதல் நாளே மூச்சுப் பயிற்சிதான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கேமராவைப் பார்த்துப் பேச இன்னும் கூச்சமாக இருக்கிறது என்றேன். யாரைப் பார்த்தால் பேச வருமோ அவர் படத்தைக் கேமராவுக்கு அருகில் ஒட்டிக்கொள்ளலாம் என்றாள். கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிற லாரி ஓட்டுநரின் படத்தை ஒட்டினோம். "என் படம் இல்லையா?" என்று இவர் கேட்டார். உங்களைப் பார்த்தால் திட்டுதான் வரும் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வணக்கம் சொன்னதும் எதையும் விளக்கவில்லை. "உங்க வீட்ல யாருக்கு நீந்தத் தெரியாது? ஒரே வார்த்தையில டைப் பண்ணுங்க, போதும்" என்றேன். தண்ணீருக்குள் பேசுகிற குரலில்.  திரையின் ஓரத்தில் ஒன்றொன்றாக வந்தது. மனைவி. அண்ணன். நான். மாமனார். நான். கடைசியாக, கோச்சின் பெயருக்கு நேரே: அம்மா.

அதைப் பார்த்ததும் பேச வந்தது ஒரு கணம் நின்றுவிட்டது. யாரும் லைன் கட்டா என்று கேட்கவில்லை.

"இப்போ எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. மூச்சைப் பிடிச்சுக்கங்க. நான் சொல்றவரைக்கும் விட வேணாம்." பெரிய பெரிய பதவியில் இருப்பவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் காது சிவந்தது. எங்கள் மேலாளர் பாதியிலேயே இருமினார். கோச் மட்டும் தூங்குகிறவர்போல் அமைதியாக இருந்தார், அவர் வேலையே அதுதானே. விடலாம் என்றேன். "கடைசியா ஒரு பதட்டம் வந்துச்சுல்ல? நாற்காலியில உக்காந்திருக்கும்போதே இப்படி. என் வகுப்புக்கு வர்றவங்க இதோடதான் படியில இறங்குறாங்க. இதுக்காக வெக்கப்பட்டுத்தான் இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருந்தாங்க."

பிறகு சின்ன வீடியோ ஒன்று. லாரி ஓட்டுநரிடம் கேட்டு எடுத்தது. சுவரைப் பிடித்திருக்கிற ஒரு கை, ஒவ்வொரு விரலாக விடுகிறது. பேச்சே கிடையாது. அது ஓடி முடிந்ததும் என் தரப்பு அவ்வளவுதான் என்றேன்.

கறுப்புக் கட்டம் வெளிச்சமாயிற்று. கழுத்தில் சால்வை போட்ட ஒரு அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னால பாதி நேரம்கூடப் பிடிக்க முடியலை" என்றார். பிறகு அதிகாரியாகி, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

பாத்திரத்தைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோன நாத்தனார் அங்கேயே நின்று அழுதிருக்கிறாள். கேட்டால் வெங்காயம் என்கிறாள். வெங்காயமே இல்லை வீட்டில்.

மார்ச் 25, புதன்

வாரத்தில் ஒரு நாள் போட்டிக் குழுவுக்குப் போகிறது. மற்ற நாட்கள் எங்களுக்கே! அதோடு, மற்ற குளங்களிலும் இந்த வகுப்பை ஆரம்பிக்கிறார்களாம். அங்கிருக்கும் டீச்சர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டும். எப்படி? வீடியோவில்தான்.

ஒரு நாள் போனதில் வருத்தம் இருக்கிறது. லாரி ஓட்டுநர் வரக்கூடிய நாள் அது. வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

மற்ற குளங்களின் டீச்சர்களுக்கு இன்று முதல் வகுப்பு. நாத்தனார் லீவு போட்டுவிட்டு வந்து, ரப்பர் செருப்போடு கரையில் நின்று, ஃபோனை என் பக்கம் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீருக்குள். என் எதிரே, இந்த வாரம்தான் சேர்ந்த ஒரு அம்மா, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கோச்சின் அம்மா. திங்கட்கிழமை கோச்சே கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "அக்கா, பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"அண்ணி, கேமராவைப் பாருங்க. எல்லாரும் காத்திருக்காங்க" என்றாள் நாத்தனார்.

"காத்திருக்கட்டும். நான் இவங்களைப் பாக்கணும்" என்றேன். பாடமே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்போல. திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் குறிப்பெடுத்தார்களாம்.

அம்மா மூச்சை இழுத்தார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவன் சின்னப் பிள்ளையிலேருந்து ஒரு போட்டிக்கும் நான் போகாம இருந்ததில்ல டீச்சர். ஆனா அவன் குதிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்குவேன். கைத்தட்டல் கேட்டாத்தான் திறப்பேன். இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது."

எங்கள் நேரம் முடிந்து போட்டிக் குழு வந்தது. அம்மா மேலே வர மாட்டேன் என்றார். ஆழமில்லாத ஓரத்தில், என் கையைப் பிடித்தபடி நின்றார். குழுவுக்குப் பாய்ச்சல் காட்ட, கோச் மேடையில் ஏறி, இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குதித்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். என் விரலெல்லாம் நசுங்கிவிட்டது. கண்ணை அவர் மூடவே இல்லை.